டேப்பட் திருகாணிக்குப் பின்னால் ஒளிய முடியாது, அண்ணாச்சி

அம்பாசடர் இஞ்சினுக்குப் புஷ் ராடு நீளம் அளப்பது வேலையற்றவன் வேலை என்று ஸ்ரீவில்லிபுத்தூர் அண்ணாச்சி ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டார். எங்கள் பக்கத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கென்று அவர் அச்சடித்துக் கையில் கொடுத்த குறிப்பு அது. கார்புரேட்டர், டைனமோ பற்றி எழுதியதிலெல்லாம் எனக்கு வழக்கில்லை, நன்றாகவே எழுதியிருக்கிறார். புஷ் ராடு பற்றிய பகுதி மட்டும் அப்படியல்ல. அதை நம்பி ஒருவர் இஞ்சினைப் பூட்டினால், கொஞ்ச நாளில் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். பேர் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தும் எண்ணம் இல்லை. கருத்தோடுதான் சண்டை.

அவர் சொல்வது இதுதான். ராக்கரில் கம்பெனிக்காரனே திருகாணி வைத்திருக்கிறான். ராடு கூடினாலும் குறைந்தாலும் அது பார்த்துக்கொள்ளும். ராடு எல்லாம் உத்தரபாரா தொழிற்சாலையில் அளந்து போட்டது, நாம் ஏன் திரும்ப அளக்க வேண்டும்? நீளம் அளப்பது அமெரிக்க ரேஸ் கார்க்காரன் பழக்கம். திருகாணி போதாவிட்டால் ராக்கர் ஸ்டாண்டுக்கு அடியில் தகடு வைத்துத் தூக்கிவிடலாம், காலகாலமாக அப்படித்தான் ஓடுகிறது. கடைசியாக, அம்பாசடர் என்றால் டேப்பட் சத்தம் வரத்தான் செய்யும்.

திருகாணியிலிருந்து தொடங்குவோம். அவர் கட்டிடம் முழுக்க நிற்பது அந்த ஒன்றின் மேல்தான்.

அம்பாசடரின் 1489 சிசி பி.எம்.சி. பி சீரிஸ் இஞ்சினில் கேம் ஷாப்ட் கீழே பிளாக்குக்குள் இருக்கிறது, வால்வு மேலே ஹெட்டில் இருக்கிறது. கேம் டேப்பட்டைத் தூக்க, டேப்பட் ராடைத் தூக்க, ராடு ராக்கரின் ஒரு முனையை மேலே தள்ள, மறுமுனை வால்வை அழுத்தும். ராக்கரின் ராடு பக்க முனையில்தான் அந்தத் திருகாணி. அதன் அடியில் உள்ள குண்டு ராடின் தலைக் கப்பில் உட்காரும். மேலே லாக் நட். வால்வு மூடியிருக்கும்போது 15 தௌ, அதாவது 0.38 மி.மீ. இடைவெளி விடுவதற்காக வைத்த திருகாணி அது. வால்வும் சீட்டும் தேயத் தேய அந்த இடைவெளி மாறும், அதைத் திரும்பச் சரி செய்யவும் அதே திருகாணிதான். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நகரும். அதன் உத்தியோகம் அவ்வளவே.

அண்ணாச்சியோ லேத் பட்டறையில் நடந்த அத்தனை வெட்டுக்கும் அதையே ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார். ராடு தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் திருகாணியை மேலே ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்றக் கீழே குண்டு ராக்கரின் வயிற்றுக்குள் பதுங்கும். பிறகு வால்வு முழுக்கத் திறக்கும் நேரத்தில் கப்பின் விளிம்பு ராக்கரின் அடிப்பக்கத்தில் இடிக்கும். இஞ்சின் நின்றிருக்கும்போது பில்லர் கேஜ் விட்டுப் பார்த்தால் அழகாக 15 தௌ காட்டும். இடி விழுவது ஓடும்போதுதான். ராடு குட்டையாக இருந்தால் கதை தலைகீழ். திருகாணி கீழே நீட்டிக்கொண்டு நிற்கும், மேலே லாக் நட்டுக்குப் பிடிக்க மரை இருக்காது, நீண்ட கழுத்தில் வளைக்கும் விசை விழும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில், கார்த்திகை மாதம் வண்டி நிறையச் சாமிகளை ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் முக்கும்போது அந்த லாக் நட் தளர்ந்தால் என்ன ஆகும் என்று குறிப்பில் ஒரு வரி இல்லை.

அடுத்தது உத்தரபாரா. அங்கே அளந்து போட்டார்கள் என்பது உண்மை. எதை அளந்தார்கள்? வெட்டாத ஹெட், வெட்டாத பிளாக், தேயாத கேம், புதிய சீட், புதிய வால்வு, அன்று வந்த கேஸ்கட். இந்த ஆறுக்கும் பொருந்திய நீளம் அது. அந்த ஆறில் எது நம் கையில் மிச்சமிருக்கிறது? கடைசி அம்பாசடர் 2014 மே மாதத்தில் முடிந்தது. நம் பக்கத்தில் ஓடுகிற மார்க் 2, மார்க் 3 வண்டிகள் அதற்கு எத்தனையோ வருடம் மூத்தவை. சூடேறி வளைந்த ஹெட்டின் அடிமுகத்தைச் சீவி எத்தனை முறை பேஸிங் போட்டார்கள் என்று வண்டிக்காரருக்கே தெரியாது. ஒவ்வொரு பேஸிங்கிலும் ராக்கர் ஷாப்ட் கேமை நோக்கி அவ்வளவு இறங்குகிறது. ராடு அதே ராடுதான். பொருந்த வேண்டிய இடம் சுருங்கிவிட்டது.

கேமைக் கிரைண்டிங் கொடுத்திருந்தால் எதிர்த்திசை. கேமின் அடிவட்டம் சிறுத்து டேப்பட் கீழே உட்காரும், ராடு குட்டையானது போல ஆகும். வால்வு சீட்டை ஆழமாக வெட்டியிருந்தால் வால்வின் தண்டு ஹெட்டுக்கு மேலே கூடுதலாக நீட்டும், ராக்கரின் மறுமுனை தாழும், ராடு நீளமானது போல ஆகும். கேஸ்கட் தடிமன் கூடினால் ராடு குட்டை, குறைந்தால் நீளம். இத்தனையும் ஒரே இஞ்சினில் ஒரே வேலையில் நடக்கிறது. சில ஒன்றையொன்று கழிக்கும், சில கூடும். இதில் உத்தரபாரா அளவை நீட்டுவது, தாத்தா காலத்துப் பத்திரத்தை வைத்து இன்றைய வேலியைக் காட்டுவது போலத்தான்.

கம்பெனி அளவை வேதமாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இதே வம்சத்து எம்.ஜி.பி. கார் ஒரு நல்ல மருந்து. அதே பி சீரிஸ் இஞ்சின்தான், 1798 சிசி. முதலில் குட்டை டேப்பட்டும் நீள ராடும் போட்டார்கள். 1970களில் நீள டேப்பட்டும் குட்டை ராடும் என்று மாற்றினார்கள். இரண்டுமே அசல் கம்பெனிப் பொருள். ஒன்றின் ராடை மற்றதன் டேப்பட்டோடு சேர்த்தால் இஞ்சினையே பூட்ட முடியாது. இன்று ஸ்பேர் தேடி மதுரை, கோயம்புத்தூர் என்று அலைந்து, பிரித்த வண்டியின் சாமானை வாங்கி வருகிறோம். எந்த ராடு எந்த டேப்பட்டோடு பிறந்தது என்பதற்குச் சாட்சி வெர்னியர் மட்டுமே.

அமெரிக்கப் பழக்கம் என்று அவர் கேலி செய்த இடத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. 1955இல் வந்த செவர்லே வி8 இஞ்சினில் ராக்கர் ஒவ்வொன்றும் தனித்தனி ஸ்டட்டில் தொங்கும். அங்கே ராடின் நீளம்தான் ராக்கர் எந்த உயரத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ராடு நீளம் தவறினால் ராக்கரின் மூக்கு வால்வுத் தலையில் விளிம்போரம் தேய்க்கும். நம் அம்பாசடரில் ராக்கர் எல்லாம் ஒரே ஷாப்டில், ஷாப்ட் ஸ்டாண்டில், ஸ்டாண்டு ஹெட்டின் மேல். வால்வும் அதே ஹெட்டில். ஆகவே ராடு நீளம் மாறினாலும் ராக்கரின் மூக்கு வால்வுத் தலையில் படும் இடம் மாறாது. மாறுவது திருகாணி நிற்கும் இடம் மட்டுமே. அமெரிக்கப் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்து, ராடை மாற்றினால் வால்வு கைடு பிழைக்கும் என்று சொல்கிற இளவட்டங்களும் தவறுதான். இதை அண்ணாச்சி சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன். அவர் சொல்லவில்லை. வேறு காரணம் எதுவும் காட்டாமல் வெளிநாட்டுப் பழக்கம் என்று தள்ளிவிட்டார்.

தள்ளிவிட்ட கையோடு எதைச் சிபாரிசு செய்கிறார் பாருங்கள். தகடு! அம்பாசடரில் வால்வுத் தலையின் உரசலைக் கெடுக்க நிச்சயமான வழி, காரணமில்லாமல் ஸ்டாண்டின் உயரத்தை மாற்றுவது. அதைத்தான் வைத்தியம் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும். ஹெட்டை 1 மி.மீ. பேஸிங் போட்டாயிற்று என்று வையுங்கள். ராடு 1 மி.மீ. நீளமாகிவிட்டது. அண்ணாச்சி முறைப்படி ஸ்டாண்டுக்கு அடியில் 1 மி.மீ. தகடு. சரியாகிவிட்டதா? ராக்கரின் வால்வுப் பக்கக் கை நீளம், ராடு பக்கக் கை குட்டை, ஏறக்குறைய 1.4க்கு 1. ஷாப்ட் 1 மி.மீ. உயர்ந்ததும் வால்வுப் பக்க மூக்கு தன் பழைய இடத்திலேயே வால்வில் ஊன்றி நிற்கும். ஆகவே ராடு பக்க முனை ஷாப்டோடு 1 மி.மீ. உயர்ந்ததோடு நிற்காமல், சாய்வினால் இன்னும் 0.7 மி.மீ. மேலே போகும். மொத்தம் 1.7. நீளமாக இருந்த ராடு இப்போது 0.7 மி.மீ. குட்டை. ஒரு குறையை மறைக்க வைத்த தகடு எதிர்க்குறையை உண்டாக்கிவிட்டு, கூடவே வால்வுப் பக்கத்தையும் கோணலாக்கிவிட்டது. வால்வு பாதி திறக்கும்போது தண்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டிய ராக்கர் இப்போது கீழ்ப்பக்கமாகவே அதிகம் சாய்கிறது. மூக்கு வால்வுத் தலையில் தேய்க்கும் அகலம் கூடி, தண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கைடு நீள்வட்டமாகத் தேயும். அந்த வழியே எண்ணெய் இறங்கும். பிறகு காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை. ரிங் போய்விட்டது என்று மறுபடி இஞ்சினை இறக்குவார்கள். ரிங் என்ன பாவம் செய்தது?

தகடு வைப்பதே குற்றம் என்றும் நான் சொல்லவில்லை. அதற்கு முறையான இடம் ஒன்று உண்டு. சீட்டை ஆழமாக வெட்டி வால்வுத் தண்டு மேலே ஏறியிருந்தால், தண்டு ஏறிய அளவுக்கு ஸ்டாண்டையும் ஏற்றினால் ராக்கர் பழைய சாய்வுக்குத் திரும்பும். அங்கே தகடு சரியான மருந்து. ஆனால் அப்படி ஏற்றியதும் ராக்கர் முழுவதும் அந்த அளவுக்கு மேலே போய்விடுவதால் ராடு குட்டையாகிவிடும், நீள ராடு தேவைப்படும். இப்போது இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒன்றில் ஹெட் 1 மி.மீ. பேஸிங். மற்றதில் சீட் வெட்டி வால்வு 1.4 மி.மீ. ஏறியிருக்கிறது. இரண்டிலும் திருகாணி ஒரே அளவு, அதே 1 மி.மீ., மேலே ஏறி நிற்கும். முதல் வண்டிக்குக் குட்டை ராடு, தகடு கூடாது. இரண்டாவதற்குத் தகடும் நீள ராடும். திருகாணியைப் பார்த்து எது எந்த வண்டி என்று அண்ணாச்சி சொல்லட்டும். முடியாது, யாராலும் முடியாது. அளந்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

தகட்டில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. ராக்கர் ஷாப்டுக்கு எண்ணெய் ஒரே ஒரு ஸ்டாண்டின் வழியாகத்தான் கீழிருந்து ஏறி வருகிறது. அந்தத் துளைக்கு நேராக ஓட்டை போடாத தகடு உள்ளே போனால் எட்டு ராக்கருக்கும் பட்டினி. குறிப்பில் துளையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஸ்டாண்டைப் பிடிக்கும் நட்டுகளில் நாலு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ஹெட் நட்டுகள் அனைத்தையும் முறையாகத் தளர்த்தாமல் அந்த நாலை மட்டும் கழற்றித் தகடு சொருகினால் ஹெட் வளையும், கேஸ்கட் வழியே தண்ணீர் கசியும். ரேடியேட்டர் தண்ணீரை இறக்காமல் இந்த வேலையில் கை வைக்கக் கூடாது என்பது பி.எம்.சி. மெக்கானிக்குகளுக்குப் பாலபாடம். பத்து நிமிட வேலை என்று அண்ணாச்சி எழுதியிருப்பது இதைத்தான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது வேறொரு வரியில். அளவெல்லாம் படித்தவன் ஜம்பம், கைப்பழக்கம் போதும் என்கிறார். இதை வேறு வட்டாரத்தில் எழுதியிருந்தால் விட்டிருப்பேன். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலம் முதல் இந்த வட்டாரத்து மில் பிட்டர்கள் தௌ கணக்கில் வாழ்கிறவர்கள். கார்டிங் மெஷினில் சிலிண்டருக்கும் பிளாட்டுக்கும் 10 தௌ என்றால் கேஜை விட்டுத்தான் வைப்பார்கள். கண்ணால் பார்த்து வைத்தேன் என்று ஒரு பிட்டர் மேஸ்திரியிடம் சொல்லிப் பார்க்கட்டும். அந்தப் பிட்டர்களில் பலர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். அவர்களுடைய கைப்பழக்கம் என்பதே கேஜ் பிடித்த பழக்கம்தான். டேப்பட்டுக்கு விடும் பில்லர் கேஜும் அதே தௌதான். அதைப் பிடிக்கத் தெரிந்த கைக்கு வெர்னியர் பிடிப்பது படிப்பாளி வேலையாகிவிடுமா?

ஒன்பது கணக்கு தெரிந்தவனுக்கு வேறு கணக்கு வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார். எட்டாவது வால்வு முழுதும் திறந்திருக்கும்போது ஒன்றாவதற்கு டேப்பட் வை, ஏழுக்கு இரண்டு, ஆறுக்கு மூன்று, கூட்டினால் ஒன்பது. அருமையான கணக்கு, நானும் அதைத்தான் போடுகிறேன். எந்த வால்வுக்கு எப்போது கேஜ் விடுவது என்று அது சொல்லும். ராடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று அது எங்கே சொல்கிறது?

அளப்பதற்கு அமெரிக்காவிலிருந்து கருவி வரவேண்டியதில்லை. வளைந்த பழைய ராடு ஒன்றை நடுவில் வெட்டி, இரண்டு துண்டிலும் மரை போட்டு, நடுவே ஒரு நீள நட்டும் அதைப் பிடிக்க ஒரு லாக் நட்டும் கொடுத்தால் நீட்டிச் சுருக்கும் ராடு தயார். எந்த லேத் பட்டறையிலும் செய்து தருவார்கள். ஹெட், பிளாக், சீட், கேம் எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் அளவு எடுக்க வேண்டும், முன்னால் எடுத்தால் வீண். புதிய கேஸ்கட்டைச் சும்மா வைத்து அளக்காதீர்கள். அது இறுகும்போது தடிமன் குறையும். அதே வகையில் ஏற்கெனவே இறுகிய ஒன்றை வைத்து, டார்க் ரென்ச்சில் முழு இறுக்கம் கொடுத்துவிட்டு அளவு எடுக்க வேண்டும்.

முதலில் வால்வுப் பக்கம். வால்வுத் தலையில் மார்க்கர் மை தடவி, டேப்பட் வைத்து, இஞ்சினைக் கையால் சில சுற்று சுற்றிப் பாருங்கள். மை அழிந்த கோடு ஒடுங்கி, தலையின் நடுவை ஒட்டி இருந்தால் ஸ்டாண்டைத் தொட வேண்டாம். அகன்று ஓரத்துக்கு ஓடியிருந்தால் அப்போது தகடு பற்றி யோசிக்கலாம், துளையோடு. அது முடிந்த பிறகுதான் ராடு. வால்வு மூடி, டேப்பட் கேமின் அடிவட்டத்தில் நிற்கும் நிலையில், திருகாணியை நடுவாக்கில் வையுங்கள். லாக் நட்டுக்கு மேலே இரண்டு மூன்று மரை தெரிய வேண்டும், கீழே குண்டு ராக்கருக்கு வெளியே தெளிவாகத் தெரிய வேண்டும். நீட்டும் ராடை 15 தௌ இடைவெளி வரும்வரை நீட்டிப் பூட்டுங்கள். ஒரு முழுச் சுற்று சுற்றி, முழுத் திறப்பில் கப்பு ராக்கரில் படவில்லை என்று பார்த்துக்கொண்டு வெளியே எடுங்கள். அளக்கும்போது கப்பின் விளிம்பிலிருந்து அளப்பவர்கள் உண்டு. விளிம்பு ராடுக்கு ராடு மாறும். கப்புக்குள் ஒரு பால்ரஸ் குண்டைப் போட்டு, குண்டின் உச்சியிலிருந்து அடி முனை வரை வெர்னியரில் எடுத்தால் ஏமாற்றாது. பழைய ராடையும் அதே குண்டோடு அளந்து கழித்துப் பாருங்கள். வித்தியாசம் அரை மி.மீ.க்குள் இருந்தால் திருகாணியிடமே விட்டுவிடலாம், அதற்குத்தான் அது இருக்கிறது. அதற்கு மேல் போனால் அந்த நீளத்துக்கு ராடு செய்ய வேண்டும். பழையதையே குறைப்பதென்றால் அடிக்குண்டைத் திரும்ப உருட்டிக் கடினப்படுத்த வேண்டும். வெறுமனே வெட்டி வெல்டு வைத்தால் டேப்பட் குழியில் அரைபட்டு, அந்தத் தூள் எண்ணெயோடு பேரிங்குக்குப் போகும்.

இதற்குச் செலவு என்ன? ஒரு உடைசல் ராடு, லேத்காரருக்குக் கொஞ்சம் கூலி, ஒரு பிற்பகல். இஞ்சின் வேலைக்குப் பணத்தைக் கொட்டுகிறவருக்கு இது ஆடம்பரம் என்று அண்ணாச்சி கணக்குச் சொல்கிறார். திரும்ப ஒருமுறை ஹெட் இறக்கும் கூலியை அவர் எந்தப் பக்கத்தில் எழுதினார் என்று தேடினேன், காணவில்லை.

டேப்பட் சத்தம் அம்பாசடரின் சுபாவம் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 15 தௌ இடைவெளிக்கு உரிய சத்தம் ஒன்று உண்டு. சீராக, எட்டும் ஒன்று போல வரும். அதில் ஒன்று மட்டும் தனியாகத் தட்டினால் அது சுபாவம் இல்லை, புகார்.

ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் அண்ணாச்சி எழுதியது முழுக்கப் பொருந்தும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் வந்த அம்பாசடரில், 1959இல் மேல்வால்வு இஞ்சின் வருவதற்கு முன்னால், 1476 சிசி பக்கவால்வு இஞ்சின் இருந்தது. அதில் வால்வு பிளாக்கிலேயே இருக்கும், ராக்கர் கிடையாது, புஷ் ராடும் கிடையாது. அளக்கவே வேண்டாம்.

தகடு வைத்த தன் சொந்த வண்டி இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது என்பதை அவர் சாட்சியாக வைக்கிறார். நல்லது, அந்த வண்டியையே விசாரிப்போம். ராக்கர் மூடிக்கு இரண்டே நட்டுதான் அண்ணாச்சி, கழற்றுங்கள். எட்டுத் திருகாணியிலும் லாக் நட்டுக்கு மேலே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணி எழுதுங்கள். மூடியின் உட்பக்கத்தில் திருகாணி இடித்த தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எட்டு வால்வுத் தலையிலும் மை தடவிச் சுற்றி, கோடு எங்கே விழுகிறது என்று படம் எடுங்கள். ஸ்டாண்டுக்கு அடியில் எத்தனை தகடு, என்ன தடிமன், எந்த வெட்டை ஈடுகட்ட வைத்தது என்பதையும் சேர்த்து அடுத்த குறிப்பில் அச்சடியுங்கள். அச்சுக்கூலியில் பாதி நான் தருகிறேன்.